கோட்டையூரிலிருந்து வந்த பதினாறு பக்க இதழ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1984 பொங்கல் முதல் 2003 ஆகஸ்ட் வரை, காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள கோட்டையூரிலிருந்து ஒரு மாத இதழ் நடத்தினேன். எழுதியது, பிழை திருத்தியது, மடித்தது, ஒட்டியது, தபாலில் சேர்த்தது எல்லாம் நான் ஒருவனே. அது நின்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் கேட்பவர்கள் ஓயவில்லை. ஆய்வேடு எழுதும் மாணவர்கள் வருகிறார்கள். பூர்வீக வீட்டைப் பார்க்கப் பினாங்கிலிருந்து வரும் பிள்ளைகள் விசாரிக்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், ரசம் வருவதற்குள் நான்கு கேள்வி கேட்டுவிடுகிறார். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன்.

இதழின் பெயரை ஏன் எங்கும் சொல்வதில்லை?

சொன்னால் அடுத்த வாரமே பழைய பிரதி கேட்டுக் கடிதம் வரும். கொடுப்பதற்கு என்னிடம் இல்லை. வாசித்தவர்களுக்குப் பெயர் தெரியும்.

நீங்கள் நகரத்தாரா, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியாரா?

இல்லை. என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. நான் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதினேன். தினமும் சைக்கிள். அந்த வீடுகளின் முகப்பிலிருந்து மூன்றாம் கட்டு வரை சிறு வயது முதல் நடமாடியவன், ஆனால் எந்த வீட்டிலும் எனக்குப் பங்கு கிடையாது. எழுதுவதற்கு இது நல்ல இடம் என்று நினைத்திருந்தேன். பாதுகாப்பான இடம் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

எதற்காகத் தொடங்கினீர்கள்?

அப்பா வேலை பார்த்த வீட்டு ஆச்சிக்குக் கண் மங்கிவிட்டது. மாலையில் போய் நாளிதழ் வாசித்துக் காட்டுவேன். உள்முற்றத்தைச் சுற்றிய வளவில் தூணோரமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் நான் முழுப் பக்கத்தையும் வாசித்து முடித்ததும், “உலகத்துச் சங்கதி எல்லாம் வருகிறது. நம் தெருச் சங்கதி ஒன்றுகூட வரவில்லையே, தம்பி” என்றார்கள். அடுத்த வாரம் தெருச் சங்கதிகளை மட்டும் எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். ஊரணியில் தண்ணீர் எந்தப் படிவரை நிற்கிறது, யார் வீட்டுக் கதவு பத்து வருடத்துக்குப் பிறகு திறந்தது, எந்த வீட்டுக் காவல்காரருக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை, இப்படி. ஆச்சி இரண்டாவது முறையும் வாசிக்கச் சொன்னார்கள்.

அதுதான் முதல் இதழ். கார்பன் தாள் வைத்து ஐந்து பிரதி எடுத்தேன். ஐந்தாவது பிரதியில் எழுத்து ஆவி மாதிரி தெரியும். அதைப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனுக்குக் கொடுப்பேன், அவனுக்குத்தான் கண் நன்றாக இருந்தது.

செட்டிநாட்டில் இதற்கு முன்னால் யாரும் இதழ் நடத்தவில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்றுக் கோபம் வரும். இது வட்டிக்கடையும் கல்யாணமும் மட்டும் நடந்த ஊர் என்ற எண்ணத்திலிருந்து வரும் கேள்வி.

காரைக்குடியில் சொ. முருகப்பாவும் அவருடைய நண்பர்களும் 1917இல் இந்து மதாபிமான சங்கத்தை நிறுவினார்கள். 1919இல் பாரதியார் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்தார். கையில் தடியோடு அவர் நிற்கும் அந்தப் புகழ்பெற்ற புகைப்படம் அப்போது காரைக்குடியில் எடுத்ததுதான். அடுத்த ஆண்டே ‘தனவைசிய ஊழியன்’ வார இதழ் தொடங்கியது. பின்னால் சாதிப் பெயரை உதிர்த்துவிட்டு ‘ஊழியன்’ என்று மட்டும் நின்றது. அமராவதிபுதூர் ராய. சொக்கலிங்கம் அதன் ஆசிரியராக இருந்தார். முருகப்பா தனியே ‘குமரன்’ நடத்தினார். புதுமைப்பித்தன் சென்னையில் பெயர் எடுப்பதற்கு முன்னால் சில காலம் ஊழியனில் உதவி ஆசிரியராக வேலை பார்த்திருக்கிறார்.

ஆனால் எனக்கு அருகில் இருந்த உதாரணம் எங்கள் ஊர்க்காரர் ஏ.கே. செட்டியார். 1911இல் கோட்டையூரில் பிறந்தவர். பர்மாவில் ‘தனவணிகன்’ ஆசிரியராக இருந்தார். காந்தியின் படச்சுருள்களைத் தேடி உலகம் முழுக்க அலைந்து, 1940இல் ஆவணப்படமாக வெளியிட்டார். 1943இல் தொடங்கிய ‘குமரி மலர்’ இதழைக் கடைசிக் காலம்வரை விடவில்லை. பிறர் குப்பை என்று ஒதுக்கிய பழைய பத்திரிகைச் செய்திகளையும் பயணக் குறிப்புகளையும் தேடி எடுத்து மறுபடி அச்சிட்டார். 1983 செப்டம்பரில் மறைந்தார். என் முதல் இதழ் நான்கு மாதம் கழித்து வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட எனக்குத் துணிச்சல் இல்லை. அவர் நடத்தியது இதழ். நான் நடத்தியது தெருத் திண்ணை.

எப்படி அச்சிட்டீர்கள்?

ஓராண்டு கையெழுத்து. 1985 முதல் சைக்ளோஸ்டைல். மெழுகுத் தாளில் எழுத்தாணியால் எழுத வேண்டும். அழுத்திவிட்டால் ‘ட’வின் மூலை கிழியும், ‘ழ’வின் வயிறு பொத்துக்கொள்ளும். தவறினால் சிவப்புத் திரவத்தைப் பூசி, ஊதி, காய்ந்த பிறகு மேலே எழுத வேண்டும். உருளையை உருட்டி நூறு பிரதி எடுத்து முடிக்கும்போது முழங்கை வரை மை இருக்கும். ஆலையில் என் பேரேட்டின் ஓரங்களில் அந்த மையின் கைரேகை பல ஆண்டுகள் இருந்தது.

1987இல் காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் ட்ரெடில் இயந்திரம். காலால் மிதித்து ஓட்டுவது. அங்கே அச்சுக் கோப்பவர் அறுபது வயது தாண்டியவர், என் வாசகர்களிலேயே கறாரானவர். ஒரு வாக்கியம் பிடிக்கவில்லை என்றால் கோக்க மாட்டார், “இதற்கு எழுத்துப் போதாது” என்று சொல்லிவிடுவார். போதாதது எழுத்தா வாக்கியமா என்று நான் கேட்டதில்லை, வீட்டுக்குப் போய்த் திருத்தி எழுதிக்கொண்டு வருவேன்.

உண்மையிலேயே எழுத்துப் பற்றாக்குறையும் இருந்தது. 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்த பிறகு ‘லை’, ‘னை’, ‘றா’ போன்றவற்றுக்குப் புதிய வடிவம் வந்ததல்லவா? அந்த அச்சகத்தில் பழைய அச்சுகளை எறியவில்லை. புதியது தீர்ந்துவிட்டால் பழையதை எடுத்துக் கோத்துவிடுவார். அதனால் என் இதழில் ஒரே வரியில் ஒரு ‘லை’ பழைய யானைத் துதிக்கையோடும் இன்னொரு ‘லை’ புதிய கொம்போடும் நிற்கும். பெரியவர்கள் துதிக்கையைப் பாராட்டி எழுதுவார்கள். மாணவர்கள் அதே துதிக்கையை அச்சுப்பிழை என்று வட்டமிட்டு அனுப்புவார்கள்.

1994இல் கணினி அச்சுக் கோப்பும் ஆஃப்செட்டும் வந்தன. பக்கம் பளிச்சென்று ஆயிற்று. “எழுத்துப் போதாது” என்று சொல்ல ஆள் இல்லை.

பதிவு பெற்ற இதழா?

இல்லை. ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அட்டையில் போட்டுவிட்டுப் புக்போஸ்ட்டில் அனுப்பினேன். பதிவு பெற்ற பத்திரிகைகளுக்கு உண்டான மலிவான அஞ்சல் கட்டணம் இதனால் கிடைக்கவில்லை. உறையின் ஒரு பக்கத்தை ஒட்டாமல் விட வேண்டும், உள்ளே கைப்பட எழுதிய கடிதம் எதுவும் வைக்கக் கூடாது. வாசகருக்கு ஒரு வரி சொல்ல வேண்டுமானால் தனியாக ஓர் அஞ்சலட்டை போட வேண்டும். மாதத்தில் நாற்பது அட்டையாவது போடுவேன்.

வாசகர்கள் அதிகம் பேசிய கட்டுரை எது?

‘பாத்திரத்தில் வெட்டிய பெயர்கள்’. 1989.

ஆச்சி வீட்டு மூன்றாம் கட்டில் ஓர் அறை நிறையப் பித்தளையும் வெண்கலமும் இருந்தன. அண்டா, குத்துப்போணி, அடுக்குச் சட்டி, தூக்கு. அப்பா இருந்த காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, எண்ணி, துலக்கி, திரும்ப அடுக்குவார்கள். அந்த வருடம் நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு பாத்திரத்தின் விளிம்பிலும் வெட்டியிருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். நகரத்தார் வீடுகளில் விலாசம் என்று ஒன்று உண்டு. முன்னோர் பெயர்களின் முதல் எழுத்துகளைப் புள்ளி வைத்துக் கோத்தது. ரங்கூனிலும் பினாங்கிலும் கடைக்குப் பெயர் அதுதான். பாத்திரத்துக்கும் அதுதான்.

எண்ணி முடித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. அந்த வீட்டுப் பாத்திரங்களில் பாதிக்கு மேல் அந்த வீட்டு விலாசமே இல்லை. மருமகள்கள் கொண்டுவந்த பிறந்த வீட்டு விலாசங்கள். வீட்டுச் சுவரில் ஆண்களின் படம் வரிசையாக மாட்டியிருக்கும், பெண்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதோ அடுக்களை இருட்டில் வெண்கல விளிம்பில் இருந்தது. ஓர் அண்டாவில் விலாசத்துக்குக் கீழே உளியால் சின்னதாக ஒரு கிளியும் வெட்டியிருந்தார்கள். கிளி யாருடையது என்று ஆச்சிக்கே தெரியவில்லை.

கட்டுரையில் பட்டியலை அப்படியே அச்சிட்டேன். அந்த மாதம் நாற்பத்தொரு கடிதம். ஈப்போவிலிருந்து ஒருவர், பட்டியலில் பதினேழாவதாக இருப்பது தன் அப்பத்தாவின் தம்பி விலாசம் என்று எழுதினார். தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி தங்கள் வீட்டுப் பாத்திரங்களைத் தாமே எண்ணிப் பட்டியல் அனுப்பினார்கள். கிளியைப் பற்றி மூன்று பேர் எழுதினார்கள், மூவரும் மூன்று விதமாக.

சமையல் குறிப்புகளும் வந்தனவாமே?

வந்தன. ஆரம்பத்தில் ஆச்சியின் தணிக்கைக்குப் பிறகுதான். வெள்ளைப் பணியாரத்துக்கு உளுந்து ‘கால் பங்கு’ என்று எழுதிக்கொண்டு போனேன். வாசித்ததும், “இது பொய்” என்றார்கள். உழக்கில் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கொட்ட வேண்டும். கோபுரமாக எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து. சரிந்து விழுந்தது கணக்கில் சேராது. இதைக் காண்பிக்க எழுந்துபோய், கண் தெரியாமலேயே அளந்து காட்டினார்கள்.

ஒவ்வோர் இதழையும் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். “இது பொய்”, “இது சரி”, “இது தெரிந்ததுதானே” என்ற மூன்று தீர்ப்பு. மூன்றாவதுதான் கசக்கும்.

அதிகபட்சம் எத்தனை பிரதி?

1998இல் அறுநூற்று நாற்பது. அதில் பாதிக்கு மேல் மலேசியா, சிங்கப்பூர்.

அதுதானே உச்சம்? பிறகு எப்போது இறக்கம் தொடங்கியது?

கேட்பவர்கள் எல்லோரும் 1998ஐ உச்சம் என்று எழுதிக்கொள்கிறார்கள். என் கணக்கில் அதற்கு மூன்று ஆண்டு முன்னாலேயே இதழ் செத்துவிட்டது.

1994 கார்த்திகையில் ஆச்சி காலமானார்கள். அடுத்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதினேன், வேறோர் ஊரில் ஒரு வீட்டைப் பற்றி. செட்டிநாட்டு வீடுகளின் தலையெழுத்து உங்களுக்குத் தெரிந்திருக்கும். கட்டியவர் ஒருவர், இன்றைக்குப் பங்காளிகள் ஐம்பது அறுபது பேர். ஓடு சரிந்தால் மாற்றுவதற்கு எல்லோரும் சம்மதிக்க வேண்டும். யாரும் சம்மதிக்காததால் மழை இறங்கும், இறங்கிய பிறகு ‘இனி இதில் என்ன இருக்கிறது’ என்று ஒருவர் தேக்குத் தூணைக் கழற்றுவார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் சாத்தி வைத்திருக்கும் கதவுகளும் நிலைகளும் பெரும்பாலும் இப்படி வந்தவைதான். பர்மாவிலிருந்து கப்பலில் வந்து, ஒரு நூற்றாண்டு வீட்டைத் தாங்கிய மரம், கடைவாசலில் விலைச் சீட்டோடு வெயில் காயும்.

அந்த வீட்டில் ஒரு பங்காளி, மற்றவர்களுக்குத் தெரியாமல் பட்டாலைக் கூடத்துத் தூண்கள் நான்கை விற்றுவிட்டார். தூண் இருந்த இடத்தில் செங்கல் முட்டுக் கொடுத்து வெள்ளையடித்திருந்தார்கள். நான் பெயர் எதுவும் எழுதவில்லை. ஊரையும் எழுதவில்லை. ஆனால் நிலைக்கு மேல் இருந்த கஜலட்சுமிக்கு ஒரு யானையின் துதிக்கை உடைந்திருந்தது, அதை எழுதிவிட்டேன். போதாதா? வட்டாரம் முழுக்க வீட்டைக் கண்டுகொண்டது.

எனக்கு யாரும் கடிதம் எழுதவில்லை. ஆலை முதலாளியைப் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். மாலையில் அவர் என்னைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், “நீங்கள் எழுதுவதை நான் தடுக்கவில்லை. வந்தவர் எனக்குச் சம்பந்தி முறை. அவ்வளவுதான் சொல்கிறேன்” என்றார். எனக்கு அப்போது இரண்டு பெண்கள், மூத்தவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த மாதம் கந்தரப்பம் என்ற இனிப்புப் பலகாரத்தைப் பற்றி எழுதினேன்.

கந்தரப்பத்துக்கு அறுபத்து மூன்று கடிதம்! எல்லாம் கடல் கடந்து வந்த ஏரோகிராம். படித்ததும் அப்பத்தா கை மணம் வந்தது, கண்ணீர் வந்தது, இன்னும் எழுதுங்கள். நானும் எழுதினேன். மணகோலம், சீப்புச் சீடை, ஆத்தங்குடித் தரைக்கல், முட்டைச் சுண்ணாம்புச் சுவர், பிள்ளையார் நோன்பு. எதுவும் பொய் இல்லை. ஆனால் ஊரணியில் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று நான் பார்த்தே மூன்று ஆண்டு ஆகியிருந்தது. சந்தா ஏறிக்கொண்டே போனது. எங்கள் தெருவில் ஒருவரும் இதழைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அவர்கள் வீட்டில் தினமும் நடக்காத ஒன்றை, அவர்கள் வீட்டில் நடப்பதாக நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆச்சி இருந்திருந்தால் “இது தெரிந்ததுதானே” என்று பாயைச் சுருட்டியிருப்பார்கள்.

பணம் காரணம் இல்லையா?

இல்லை. இதழ் என் கைக்காசைத் தின்றது முதல் ஆறு ஆண்டுகளில்தான். கடைசி ஐந்து ஆண்டுகள் கொஞ்சம் மிச்சமே ஆயிற்று. பெரியவளின் கல்யாணத்துக்குப் பந்தல் செலவு இதழ்க் கணக்கிலிருந்து போனது என்பதையும் மறைக்கவில்லை.

தொலைக்காட்சியும் தொலைபேசியும் வாசகர்களைப் பிடுங்கிக்கொண்டனவா?

தொலைக்காட்சியைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. என் வாசகர்கள் தொடரையும் பார்த்தார்கள், இதழையும் படித்தார்கள்.

தொலைபேசி வேறு. வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு வந்த பிறகு கடிதம் குறைந்தது உண்மைதான். முன்பெல்லாம் ஒரு கட்டுரையில் தவறு இருந்தால் நான்கு பக்கத்துக்கு மறுப்பு வரும், அதை அடுத்த இதழில் போடுவேன், அதற்கு மறுமறுப்பு வரும். கிளி மட்டும் ஒன்பது மாதம் ஓடியது. பூத் வந்த பிறகு இரவு ஒன்பது மணிக்குமேல் கட்டணம் குறையும் நேரத்தில் கூப்பிட்டு, “நன்றாக இருந்தது” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அதை எந்தப் பக்கத்தில் அச்சிடுவது?

கடைசி இதழ் என்று தெரிந்தே வெளியிட்டீர்களா?

தெரியாது. 2003 ஆகஸ்ட் இதழ் போய்ச் சேர்ந்தது. செப்டம்பருக்கு எழுத உட்கார்ந்தபோது 1997 செப்டம்பரில் எழுதியதையே வரிக்கு வரி எழுதியிருப்பதைப் பார்த்தேன். பார்த்துக் காப்பி அடித்ததில்லை, தானாக வந்தது. தாளை மடித்து வைத்தேன். அக்டோபரில் ஏன் இதழ் வரவில்லை என்று பதினொரு பேர் கேட்டார்கள். டிசம்பரில் இரண்டு பேர்.

பழைய இதழ்கள் எங்காவது கிடைக்குமா?

என்னிடம் முழுத் தொகுதி இருந்தது. 2005 மழையில் கூரை ஒழுகி, மிஞ்சியதைக் கரையான் முடித்தது. மற்றவர் வீட்டு ஓட்டைப் பற்றி எழுதியவன் சொந்தக் கூரையைப் பார்க்கவில்லை.

இதில் வெட்கப்பட இன்னொரு காரணமும் உண்டு. இதே கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்து, புத்தகம் சேர்க்கத் தொடங்கி, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை விடாமல் சேர்த்தவர். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஏறக்குறைய ஒரு லட்சம் அச்சுப் பொருள்கள் இந்தச் சிற்றூரில் ஒரு தனி மனிதர் கையில் பத்திரமாக இருந்தன. நான் பதினாறு பக்க இதழின் இருநூற்றுச் சொச்சம் பிரதிகளைக் காப்பாற்றவில்லை.

நூலாகத் தொகுத்து வெளியிடலாமே?

இனிப்பைத் தொகுக்க ஆள் இருக்கிறார்கள், கேட்டும் வந்தார்கள். தூண் கட்டுரையும் சேரும் என்றேன். திரும்ப வரவில்லை.

தபால் உறை ஒட்டும் பசைக்கு ஒரு கைப்பக்குவம் சொல்வீர்களாமே?

மைதாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிண்டவும். கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி, கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கவும். கரப்பானும் எலியும் அண்டாது. பசை இளநீலமாக இருக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், அது விஷம். நீல விளிம்போடு யார் வீட்டிலாவது பழைய உறை கிடைத்தால் அது என்னுடையதாக இருக்கலாம்.

நான் ஒரு பழைய சந்தாதாரரின் மகன். அவர் கட்டிய சந்தாவில் மீதி ஏதும் உண்டா?

இருந்தால் திருப்பிவிட்டேன். 2004 தைக்குள் முப்பத்தேழு பேருக்கு மணியார்டர் அனுப்பி, பேரேட்டில் பற்று வைத்தேன். முப்பத்தாறு ரசீது வந்தது. ஒன்று மட்டும் ‘விலாசதாரர் இல்லை’ என்று திரும்பியது: சந்தா எண் 112, கண்டனூர், பதினெட்டு ரூபாய். 1989இல் கிளிக்கு விளக்கம் எழுதிய மூவரில் அவர் ஒருவர். அது கிளியே இல்லை, அன்னம், வெட்டியவனுக்குக் கழுத்து வரவில்லை என்று எழுதியிருந்தார். ரூபாய் பேரேட்டுக்குள்ளேயே இருக்கிறது. அவர் உங்கள் அப்பச்சியானால் வந்து வாங்கிக்கொள்ளலாம்.